நுரைச்சோலையைப் பகலில் தாழ்த்தி ஓட்டினால் என்ன?

கூரைச்சூரியன் (வெள்ளவத்தை):
2025 சித்திரைப் புத்தாண்டு நினைவிருக்கிறதா? விடுமுறையில் தேவை குறைவு, சோலார் அதிகம், அதனால் ஏப்ரல் 13 முதல் 21 வரை பின்னேரம் மூன்று மணி வரை கூரை சோலாரை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. நானும் மொட்டை மாடிக்கு ஏறி சுவிட்சை அணைத்தேன். மண்டையைப் பிளக்கிற வெயில், இன்வேட்டர் செத்துக் கிடக்கிறது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் 300 மெகாவாட் மின்பிறப்பாக்கி யுனிட் மூன்று இருக்கின்றன. மூன்றும் முழுவீச்சில் ஓடும் நாளில் ஒவ்வொன்றையும் 120க்கு இறக்கினால் சோலாருக்கு 540 மெகாவாட் இடம் கிடைக்கும். கப்பலில் வருகிற நிலக்கரிக்கு முன்னுரிமை, சும்மா வருகிற வெயிலுக்கு சுவிட்சா?

பழைய கொதிகலன்:
தம்பி, கணக்கு சரி. கொதிகலனுக்குக் கணக்குத் தெரியாது. இந்தியாவில் 210 மெகாவாட் நிலக்கரி யுனிட் ஒன்றில் ஆறு வருடம் இருந்தவன் சொல்கிறேன். சுமை பாதிக்குக் கீழே இறங்கினால் உலைச் சுவரில் இருக்கிற துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்போம். முழுச் சுமையில் சுவாலை கண்ணைக் கூசும். இறங்க இறங்கச் சிவந்து துடிக்கத் தொடங்கும். அணைந்தால் யுனிட் டிரிப், அதாவது தானாக நின்றுவிடும். அதனால் எண்ணெயைப் பற்றவைத்துத் தாங்கிப் பிடிப்போம், அது நிலக்கரியைவிட எவ்வளவோ விலை.

அப்புறம் தடித்த இரும்பு இருக்கிறது: நீராவி உருளை, டர்பைனின் சுழலி. கொதிக்கிற தாச்சியில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? இங்கே அதே வேலை மெதுவாக, தினமும் நடக்கும். உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு. வருடக்கணக்கில் அப்படி இழுபட்டால் வெடிப்பு விழும், குழாய் கசியும்.

கூரைச்சூரியன்:
அதே இந்தியாவில்தான் அண்ணே 2018 இல் தாத்ரி நிலக்கரி மின் நிலையத்தின் 490 மெகாவாட் யுனிட்டை 40 சதவீதத்துக்கு இறக்கிச் சோதித்தார்கள். 2023 இல் விதியே போட்டுவிட்டார்கள்: நிலக்கரி யுனிட்டுகள் முதலில் 55 சதவீதம் வரை, பிறகு கட்டம் கட்டமாக 40 வரை இறங்க வேண்டும். நுரைச்சோலையின் முதல் யுனிட் 2011 இல் வந்தது. அங்கே அதைவிடக் கிழட்டு யுனிட்டெல்லாம் இறங்கப் பழகுகின்றன.

பழைய கொதிகலன்:
முடியாது என்று எங்கே சொன்னேன்? சும்மா முடியாது என்கிறேன். நிலக்கரியைத் தூளாக்கும் மில் எல்லாவற்றையும் மெல்ல அரைக்க விடுவதைவிட, இரண்டை நிறுத்திவிட்டு மீதியை நன்றாக ஓட்டினால் சுவாலை நிலைக்கும். அதற்குச் சுவாலை உணரிகள், புதிய கட்டுப்பாட்டு முறை, சூட்டை அளக்கும் கருவிகள், எல்லாவற்றுக்கும் மேலே பழகிய ஆட்கள் வேண்டும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
செலவை யார் தலையில் கட்டுவது? தாழ்ந்த சுமையில் ஒரு யுனிட் மின்சாரத்துக்கு எரிகிற நிலக்கரியும் கூடும், பழுதும் கூடும். இரண்டும் கடைசியில் என் பில்லில்தான் வரும். அந்தக் காசைப் பற்றரியில் போட்டால் மத்தியானத்து வெயிலை மாலை ஆறரைக்கு எடுத்து வைக்கலாம். பதினைந்து வயசு இயந்திரத்துக்கு யோகாசனம் சொல்லிக்கொடுப்பது எனக்கு விளங்கவில்லை.

பழைய கொதிகலன்:
பற்றரி வேண்டும்தான், ஆனால் மாலை மட்டுமே பிரச்சினை அல்ல, பகலும்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல் பதினொன்று தாண்டி. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டது, நாடு முழுக்கக் கரண்ட் போனது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, சோலார் அதிகம். டர்பைன் போலச் சுழலும் பாரமான இயந்திரங்கள் குறைந்தால் அதிர்ச்சியைத் தாங்க வலையமைப்பில் ஆள் இல்லை. அன்று நுரைச்சோலையின் மூன்று யுனிட்டும் விழுந்து, அடுத்த சில நாள் ஒன்றரை மணிநேரம் வரை மின்வெட்டு. அதனால்தான் முழுக்க அணைக்காதீர்கள், தாழ்த்தி ஓட்டுங்கள் என்கிறேன். ஆறிப்போன யுனிட்டைத் திரும்ப எழுப்ப அரை நாள் வேண்டும், மாலை உச்ச நேரம் காத்திருக்காது.

குறுக்கே வந்தவன்:
எல்லாரும் யுனிட்டுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள். குரங்குக்கு?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
ஐயா, நல்ல பற்றரி இன்வேட்டர் அந்த அதிர்ச்சியைக் கணத்தில் பிடிக்கும்.

பழைய கொதிகலன்:
பிடிக்கும், போதுமான அளவு இருந்தால். அதுவரை இருப்பதை வைத்துத்தானே ஓட்ட வேண்டும்? மூன்றிலும் கை வைக்காமல், பெரிய பராமரிப்புக்கு நிறுத்துகிற யுனிட் ஒன்றில் மட்டும் கருவிகளைப் பொருத்தட்டும். ஒரு வருடம் ஏற்றி இறக்கி, எத்தனை குழாய் கசிந்தது என்று வெளியே சொல்லட்டும். பிறகு கணக்கன் தம்பி பில்லைப் போடலாம்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
வெளியே சொல்வார்கள் என்றால் எனக்குச் சம்மதம். அந்த "என்றால்" கொஞ்சம் பெரியது.

கூரைச்சூரியன்:
சரி, அந்த ஒரு வருடமும் என் சுவிட்ச்?

பழைய கொதிகலன்:
அடுத்த புத்தாண்டுக்கும் மாடிக்கு ஏறத்தான் வேண்டும் தம்பி. தொப்பி போட்டுக்கொண்டு ஏறுங்கள்.