டெக் பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், பக்கத்து வீட்ல தறி ஓடுது, யோசனை சொல்லுங்க

தட்டச்சுக்காரன் (ஈரோடு):

வணக்கம் மக்களே. ஆறு வருஷமா டெக் பத்தி தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், ஃபோன் வாங்கறது, லேப்டாப் ஸ்லோ ஆனா என்ன பண்றது, யூபிஐ மோசடினு எல்லாம் கலந்து கட்டி. முன்ன மாதிரி இப்ப யாரும் உக்காந்து படிக்கறதில்லீங்க. எங்க மாமா ஒருத்தர் நான் எழுதுனதுல ஒரு வரி கூட படிச்சதில்ல, ஆனா போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப இந்த டிஜிட்டல் அரெஸ்ட்னு மிரட்டி காசு புடுங்கறாங்களே அத பத்தி வாயால சொன்னேன், காபி ஆறிப்போறது கூட தெரியாம ஒரு மணி நேரம் கேட்டாரு, அப்பதான் பேசாம பாட்காஸ்ட் போட்டா என்னனு தோணுச்சு.

என் ப்ளான் இதுதான். வாரம் ஒரு எபிசோடு, 45 நிமிஷம். பழைய கட்டுரை 300க்கு மேல இருக்கு, அதையே கொஞ்சம் தட்டி கொட்டி வாசிச்சிரலாம். மாசத்துக்கு ரெண்டு தடவ கெஸ்ட். கண்டென்சர் மைக், சின்ன மிக்சர், ஸ்டாண்டு எல்லாம் சேத்து 20,000 ரூபா ஒதுக்கி வச்சிருக்கேன், வீட்டம்மாகிட்ட 12னு சொல்லியிருக்கேன்.

பிரச்சனை என்னன்னா பக்கத்து வீட்ல விசைத்தறி. காலைல ஆரம்பிச்சா நைட்டு வரைக்கும் டக்கு டக்கு டக்குனு. எங்களுக்கு பழகிருச்சு, மைக்குக்கு பழகாதுல்ல. கண்டென்சர் வாங்குனா சத்தம் குறையுமா? அப்பறம் எங்க அப்லோட் பண்றது, யூடியூப் போதுமா? ப்ளான்ல எதாச்சும் ஓட்டை இருந்தா இப்பவே சொல்லிருங்க.

---

ஒலிப்பெட்டி:

நண்பா முதல்ல அந்த 20,000த்த உள்ள வைங்க. கண்டென்சர் மைக்குங்கறது ஸ்டுடியோல நாலு பக்கமும் மெத்தை அடிச்ச ரூம்ல வைக்கறது, உங்க வீட்ல வச்சா தறி, குக்கர் விசில், கீழ போற கோலமாவு வண்டி எல்லாம் உங்கள விட தெளிவா கேக்கும். உங்களுக்கு வேண்டியது டைனமிக் மைக், மேடைல பாடறவங்க கைல புடிச்சிருப்பாங்களே அந்த வகை, பக்கத்துல இருக்கற சத்தத்த நல்லா எடுக்கும், தள்ளி இருக்கறத கம்மியா எடுக்கும். ஆனா அதுவும் மந்திரம் கிடையாது, வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் தான் இடைவெளி இருக்கணும், ஒரு அடி தள்ளி உக்காந்து பேசிட்டு மைக் சரியில்லைங்கறவங்கதான் ஜாஸ்தி. யூஎஸ்பில நேரா லேப்டாப்ல சொருகறதா பாருங்க, ஒத்த ஆள் பேசறதுக்கு மிக்சர் எதுக்கு, தூசி படியத்தான்.

சட்டைல குத்தற காலர் மைக் ஆயிரம் ரூபா பக்கத்துலயே கிடைக்கும்தான், ஆனா அதுல நிறைய நாலா பக்கமும் எடுக்கற வகை, உங்க தறிக்கு ஆகாது.

இன்னொன்னு, ஆடாசிட்டினு ஓசில கிடைக்கற ஆடியோ எடிட் சாஃப்ட்வேர்ல நாய்ஸ் ரிடக்‌ஷன் இருக்கு பாத்துக்கலாம்னு நினைச்சிருப்பீங்க. அது ஃபேன் சத்தம், ஏசி சத்தம் மாதிரி ஒரே சீரா வர்றதுக்குத்தான் வேலை செய்யும், பேசாம இருக்கற ரெண்டு மூணு செகண்ட காட்டுனா அத புரிஞ்சிக்கிட்டு மீதில இருந்து கழிக்கும். தறி விட்டு விட்டு அடிக்கறது, அத கழிக்க போனா உங்க குரல் தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி ஆயிரும். சத்தம் உள்ள வராம பாத்துக்கறது ஒண்ணுதான் வழி.

ரூம்ல எதிரொலி இருக்கானு கை தட்டி பாருங்க. டங்குனு வந்துச்சுன்னா பின்னாடி ஜமக்காளம் கட்டுங்க, பீரோவ தொறந்து துணிமணிய பாத்தாப்ல உக்காந்து பேசுங்க. கார் இருந்தா ஜன்னல ஏத்திட்டு உள்ள உக்காந்து பேசிப் பாருங்க, என்னோட முதல் அஞ்சு எபிசோடு மாருதி ஆம்னிலதான்.

---

மதுரக்காரி:

ஒலிப்பெட்டி சொன்னதெல்லாம் சரி, ஆனா எனக்கு பயமா இருக்கறது தறி இல்ல, "கட்டுரையையே வாசிச்சிரலாம்"னு எழுதியிருக்கீங்களே அதான். நான் ரெண்டு பேருக்கு ஆடியோ எடிட் பண்ணி தர்றேன், ரெண்டு பேருமே எழுதறவங்க, ரெண்டு பேருமே இதத்தான் செஞ்சாங்க. "இந்த வசதி அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது"னு வாசிச்சா ஆகாசவாணி செய்தி மாதிரி இருக்கு அண்ணா, அதுவும் செய்தி வாசிக்கறவங்களுக்கு அந்த கம்பீரம் இருக்கும், நமக்கு இருக்காது.

உங்க மாமா ஏன் ஒரு மணி நேரம் கேட்டாரு? நீங்க வாசிக்கல, சொன்னீங்க. நடுவுல அவரு "அப்பறம்?"னு கேட்டிருப்பாரு, புரியலன்னு முகத்துல தெரிஞ்சதும் நீங்க வேற மாதிரி சொல்லியிருப்பீங்க. மைக்குக்கு முகம் கிடையாது, அதனால முதல் ரெண்டு எபிசோடாவது யாரையாவது எதிர்ல உக்கார வச்சு பேசுங்க. மாமாவையே கூட்டிட்டு வந்துருங்க, காபி செலவு மட்டும்தான்.

கேக்கறவங்க பைக் ஓட்டிக்கிட்டோ பாத்திரம் வெளக்கிக்கிட்டோ கேப்பாங்க. "செட்டிங்ஸ் போயி, ப்ரைவசி போயி, பெர்மிஷன் மேனேஜர் போயி, அதுல மூணாவது"னு சொன்னா ரெண்டாவது "போயி"லயே ஆள் தொலைஞ்சு போயிருவாங்க. எந்த ஆப்புக்கு எதுக்கு மைக் பெர்மிஷன் கேக்குது, டார்ச் ஆப்புக்கு காண்டாக்ட் லிஸ்ட் எதுக்குனு கதையா சொல்லுங்க, செட்டிங்ஸ் வழிய எபிசோடுக்கு கீழ எழுத்துல போட்டுருங்க, அதுக்குத்தான் உங்களுக்கு எழுத்து கை இருக்கே. நம்பரும் அப்படித்தான், பேட்டரி 5000 எம்ஏஹெச்னு காதுல விழுந்து ஒரு பிரயோஜனமும் இல்ல, காலைல ஆறு மணிக்கு எடுத்தா நைட்டு சாப்பாடு வரைக்கும் தாங்குதானு சொல்லுங்க. பணம் போனா உடனே அடிக்க வேண்டிய 1930 மாதிரி நம்பர்னா மட்டும் மூணு தடவ சொல்லுங்க, அது காதுல நிக்கணும்.

அந்த 300 கட்டுரைல ஃபோன் ரிவ்யூ எத்தன இருக்குனு எண்ணிப் பாருங்க. போன வருஷ ஃபோன் ரிவ்யூவ ஆடியோவா யாரு கேப்பா? என் கணக்குக்கு 30 தேறுனாலே பெருசு.

45 நிமிஷமும் வேண்டாம். எனக்கு 20 நிமிஷ எபிசோடு எடிட் பண்ண ரெண்டு மணி நேரம் ஆகுது, நீங்க வேலைக்கும் போயிட்டு வாரா வாரம் 45 நிமிஷம்னா தீபாவளிக்குள்ள விட்டுருவீங்க. எட்டு எபிசோடு ஒரு சீசன்னு சொல்லிருங்க. மூணு ரெக்கார்ட் பண்ணி முடிச்சப்பறம்தான் முதல் எபிசோடு வெளிய வரணும்.

---

தட்டச்சுக்காரன் (ஈரோடு):

@மதுரக்காரி வலிக்குது ஆனா சரிதான். நேத்து நைட்டு ஒரு கட்டுரைய எடுத்து ஃபோன்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி கேட்டேன், நாலாவது நிமிஷம் நானே வாட்ஸ்அப் பாக்க ஆரம்பிச்சிட்டேன். ரிவ்யூவையும் எண்ணுனேன், 300ல 210. மீதி 90ல பாதி இப்ப இல்லாத ஆப்ப பத்தி, அதுல "கூகுள் பாட்காஸ்ட்ஸ் பயன்படுத்துவது எப்படி"னு ஒண்ணு வேற, கூகுள் அத 2024லயே மூடிட்டாங்க.

கெஸ்ட் விஷயம் யாரும் சொல்லல? அப்பறம் எங்க போடறது?

---

பழைய_மோடம்:

தம்பி அந்த கூகுள் பாட்காஸ்ட்ஸ் மேட்டர்லயே உங்க கேள்விக்கு பதில் இருக்கு. அது மூடுனப்ப ஒரு பாட்காஸ்ட்டாவது அழிஞ்சுதா? இல்ல. ஏன்னா அது வெறும் ரேடியோ பெட்டி மாதிரி, நிலையம் வேற இடத்துல இருந்துச்சு. பாட்காஸ்ட்னா அடிப்படைல ஒரு ஆர்எஸ்எஸ் ஃபீடு, அதாவது ஆப்புங்க தானா படிச்சிக்கற ஒரு பட்டியல், அதுல எபிசோடு பேரு, தேதி, எம்பி3 எங்க இருக்குங்கற லிங்க், அவ்வளவுதான். 2004ல கார்டியன் பத்திரிகைல பாட்காஸ்ட்ங்கற பேரையே முதல்ல எழுதறாங்க, அடுத்த வருஷம் ஆப்பிளோட ஐட்யூன்ஸ்ல வருது, இன்னிக்கு வரைக்கும் அதே ஃபீடுதான். ஆப்பிள், ஸ்பாட்டிஃபை மாதிரி இடத்துக்கெல்லாம் ஒரு தடவ ஃபீடு முகவரிய குடுத்துட்டா போதும், நீங்க ஒரே இடத்துல போட்டா எல்லா இடத்துக்கும் போயிரும்.

ஓசில ஹோஸ்டிங், அதாவது ஃபைல ஏத்தி வைக்கற இடம் வேணும்னா ஸ்பாட்டிஃபைக்காரங்களோடது இருக்கு, முன்ன ஆங்கர்னு இருந்துச்சே அதான், ரெண்டு தடவ பேரு மாத்திட்டாங்க. எங்க போட்டாலும் ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. நாளைக்கு இடம் மாறுனா பழைய ஃபீடுல இருந்து புதுசுக்கு ரீடைரக்ட் குடுப்பாங்களானு முன்னாடியே கேளுங்க, இல்லன்னா சேத்த ஆளெல்லாம் அங்கயே நின்னுருவாங்க. ரெண்டாவது, ஃபீடுல போடற மெயில் ஐடி உலகத்துக்கே தெரியற மாதிரி கிடக்கும், சொந்த மெயில போட்டுட்டு நான் வாங்குன ஸ்பாம் இருக்கே, இதுக்குன்னே தனியா ஒண்ணு ஆரம்பிச்சுக்கோங்க. அட்டை படம் சதுரமா 3000க்கு 3000 பிக்சல் பண்ணி வைங்க. ஃபைல் மோனோ, 96 கேபிபிஎஸ் போதும், அரை மணி நேரம் 22 எம்பிக்குள்ள அடங்கிரும், டேட்டா பாத்து செலவு பண்ற ஆளுங்களும் கேப்பாங்க.

யூடியூப் மட்டும் போதும்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

---

ஒலிப்பெட்டி:

மோடம் சார், ஃபீடு சரி, ஆனா நம்ம சனம் இருக்கறது யூடியூப்லதான. எங்க தெருவுல ஆர்எஸ்எஸ்னா வேற அர்த்தம். அட்டை படத்த வச்சாவது ஏத்துங்க நண்பா. ஒரு சூட்சுமம் இருக்கு, சும்மா வீடியோவா போட்டா ஸ்கிரீன் ஆஃப் பண்ணதும் நின்னுரும், ப்ரீமியம் கேக்கும். ப்ளேலிஸ்ட்ட பாட்காஸ்ட்னு மார்க் பண்ணிட்டீங்கன்னா யூடியூப் மியூசிக் ஆப்ல ப்ரீமியம் இல்லாமலே பேக்ரவுண்டுல ஓடும். பஸ்ல போறவங்களுக்கு அதுதான முக்கியம்.

அப்பறம் சத்த அளவு. எக்ஸ்போர்ட் பண்றதுக்கு முன்னாடி ஆடாசிட்டில லவுட்னஸ் நார்மலைசேஷன்ல மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு கேக்கற சத்தத்த அளக்கற அலகு) வைங்க, ஆப்பிள் சொல்ற அளவு அது. இல்லன்னா உங்க எபிசோடு முடிஞ்சு அடுத்த ஆளோடது ஓடறப்ப காது கிழியும்.

முகப்பு இசைக்கு தயவு செஞ்சு சினிமா பிஜிஎம் வேண்டாம், பத்து செகண்டுதானேனு போட்டு காப்பிரைட் ஸ்ட்ரைக் வாங்குனவன் சொல்றேன்.

---

யாழ்_கரை:

வணக்கம் அண்ணை, நான் யாழ்ப்பாணத்தில இருந்து. உங்கட கட்டுரையள் வாசிக்கிறனான். ஒண்டு சொல்லட்டோ, கோவிக்காதேங்கோ. நீங்கள் யூபிஐ, ஆதார், 1930 எண்டு கதைக்கேக்க எங்களுக்கு அது பொருந்தாது, இஞ்ச காசு கட்டுற லங்கா கியூஆர் வேற மாதிரி. அதுக்காக அதுகளை விடச் சொல்லேல்லை, "இந்தியாவில" எண்டு ஒரு சொல்லு சேருங்கோ, அது காணும். கனடாவில இருக்கிற என்ர சித்தியும் தமிழில ஆராவது இதெல்லாம் விளங்கப்படுத்தினா கேப்பா. உங்கட ஊர்ப் பேச்சை மாத்தவேண்டாம், அந்த "வருதுங்க" கேக்க நல்லா இருக்கு.

விருந்தினர் பற்றிக் கேட்டனீங்கள். நான் ஒருக்கா ஒருத்தரோட ஒரு மணித்தியாலம் கதைச்சு அந்த கோல் அப்பிலயே பதிவு செய்தன். நெட் விட்டு விட்டு வந்து அவற்ர பேச்சில பாதி இல்லை, திரும்பக் கேக்க வெக்கமாப் போச்சு. இப்ப ரெண்டு பேரும் அவரவர் ஃபோனில தனித்தனியாப் பதிஞ்சு, தொடங்கேக்க ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு சொல்லி ஒரு கைதட்டு. பிறகு எடிட்டில அந்தக் கைதட்டை நேராக்கிற வேலைதான்.

---

பழைய_மோடம்:

கெஸ்ட் மாசத்துக்கு ரெண்டுங்கறது ஆள் தேடியே சாகடிச்சிரும், ஒரு சீசனுக்கு ரெண்டுனு வச்சுக்கோங்க. கெஸ்ட் வந்தே ஆகணும்னு இல்லாத ஒரு விஷயம் சொல்றேன், தமிழ் கம்ப்யூட்டர்ல வந்த கதைய எடுங்க. தொண்ணூறுகள் கடைசில ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு ஃபாண்ட் டவுன்லோட் பண்ணணும், இல்லன்னா கட்டம் கட்டமா தெரியும். மெயில் அனுப்பிட்டு "தெரியுதா"னு ஃபோன் பண்ணி கேட்ட காலம். டிஸ்கினு தமிழ் எழுத்துக்கு ஒரு குறியீட்டு முறை ஒரு பக்கம், 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுல இருந்து வந்த தமிழ்99 கீபோர்டு ஒரு பக்கம், 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல ஆளாளுக்கு வீட்ல உக்காந்து பழைய நூல்கள தட்டி ஏத்துனாங்களே அது ஒரு பக்கம். 2010லதான் தமிழ்நாடு அரசே, எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியற யூனிகோடுனு ஆணை போட்டாங்க. இது ஆறு எபிசோடுக்கு தாங்கும், படம் காட்ட வேண்டியதில்ல, அடுத்த வருஷமும் பழசாகாது. அப்ப பிரவுசிங் சென்டர் வச்சிருந்தவங்க இன்னும் உங்க ஊர்ல இருப்பாங்க, ஜெராக்ஸ் கடையா மாறியிருக்கும், போயி கேளுங்க.

---

தட்டச்சுக்காரன் (ஈரோடு):

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து எங்க ஏரியால மாசாந்திர பராமரிப்புனு காலைல 9 மணில இருந்து கரண்ட் இல்ல. வழக்கமா அன்னிக்கு ஈபிய திட்டிட்டு படுத்திருப்பேன், நேத்துதான் ஒண்ணு ஒறைச்சுது, தறி ஓடல. ஃபேனும் ஓடல, பக்கத்து வீட்டு மிக்சியும் ஓடல. ஒரு சத்தம் கிடையாதுங்க தெருவுல. லேப்டாப்ல சார்ஜ் இருந்துச்சு, லீவு சொல்லிட்டு, பீரோவ தொறந்து வச்சு, மாமாவ எதிர்ல உக்கார வச்சு டிஜிட்டல் அரெஸ்ட் பத்தி மறுபடி பேசி ஃபோன்லயே ரெக்கார்ட் பண்ணேன். வேர்வை ஊத்துச்சு, ஆனா 26 நிமிஷம் கேக்கற மாதிரி வந்திருக்கு. மைக் இன்னும் வாங்கல.

மாசத்துக்கு ஒரு ஷட்டவுன்தான், அன்னிக்கு ஒரே மூச்சுல ரெண்டு எபிசோடு பேசி வச்சிக்கலாம்னு இருக்கேன். ஒரே சிக்கல், மாமா நடுவுல நடுவுல பனியன் கம்பெனி கதைக்கு போயிடறாரு, அத வெட்டலாமா வேண்டாமானு தெரியல.

---

மதுரக்காரி:

வெட்டாதீங்க. ஃபைல அனுப்புங்க, கேட்டுட்டு சொல்றேன்.