யூரின் ரிப்போர்ட்டில் எதைப் பார்த்துப் பதறினீர்கள்?

செம்பூர் பெண்:
அப்பாவுக்கு வருஷாந்திர செக்கப். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தபோது காபி குடித்துக்கொண்டிருந்தார். யூரின் குளுக்கோஸ் என்ற வரியில் நான்கு பிளஸ், தடித்த எழுத்தில். டம்ளரைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். "பாதியாவது குடிக்க விடுடி" என்றார். அந்தக் காபியில் சர்க்கரையே இல்லை. முதல் பக்கத்தில் ரத்தச் சர்க்கரை ஃபாஸ்டிங் 112, மூன்று மாத சராசரி (HbA1c) 6.7 என்று கட்டுக்குள் இருந்ததையும் நான் பார்க்கவில்லை. டாக்டர் சிரித்தார். போன மாதம் புதிதாகச் சேர்த்த டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதுதானாம். பிளஸ் வராவிட்டால்தான் அப்பா மாத்திரையை ஏமாற்றுகிறார் என்று சந்தேகப்பட வேண்டுமாம். எனக்கு அந்த டம்ளர்தான் இன்னும் உறுத்துகிறது.

டோம்பிவிலி லோக்கல்:
எனக்கு யூரினில் பஸ் செல், அதாவது சீழ் அணு, 20-25. காலை 6 மணிக்கு வீட்டில் பிடித்த டப்பா, டிபன் பையில் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில், லேடீஸ் கம்பார்ட்மென்ட் நெரிசலில் தாதர் வந்து சேரும்போதே பாதி உயிர் போய்விட்டது. லேபில் கொடுத்தபோது மணி 10. "பீச் கா லியா க்யா?" என்றான் பையன், எல்லார் முன்னாலும். நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. வெட்கத்தில் தலையை ஆட்டிவிட்டேன். அப்புறம் மெடிக்கல்காரர் கொடுத்த ஆன்டிபயாடிக், ஐந்து நாள். வயிறு கெட்டதுதான் மிச்சம். மறுபடி லேபிலேயே சரியாகப் பிடித்துக் கொடுத்தேன்: 2-3. முதல் சாம்பிள்தான் கோளாறு.

மாட்டுங்கா மாமா:
அது எப்படிம்மா அவ்வளவு நிச்சயம்? மருந்து முடித்த பிறகு 2-3 வந்தால், மருந்து வேலை செய்ததா, சாம்பிள் சரியானதா, யார் சொல்வது? எபிதீலியல் செல் எவ்வளவு என்று பார்த்தீர்களா? அது நிறைய இருந்தால்தான் வெளித்தோலிலிருந்து கலந்தது என்று சந்தேகப்படலாம். இன்னொன்று, நான்கு மணி நேரம் வெளியில் வைத்தால் பெருகுவது கிருமி. பஸ் செல் உடைந்து குறையத்தான் செய்யும். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்தில் கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். எரிச்சல், காய்ச்சல் இருந்தால் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுங்கள். ரிசல்ட் வர இரண்டு நாளாவது ஆகும், பொறுங்கள். ரிப்போர்ட் நன்றாக வரட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகாதீர்கள், எல்லாம் நீர்த்துப்போய் உள்ளதும் தெரியாது. மெடிக்கல்காரர் டாக்டர் இல்லை. என் கதையா? மாரத்தான் ஓடிய மறுநாள் கொடுத்தேன், புரோட்டீன் ஒரு பிளஸ். பத்து நாள் கழித்துப் பார்த்தால் புரோட்டீனே இல்லை.

டோம்பிவிலி லோக்கல்:
எபிதீலியல் "பிளென்டி", நிறைய என்றுதான் இருந்தது மாமா. எழுத மறந்துவிட்டேன். பாடம் நடத்தச் சொல்லி நான் கேட்கவில்லை.

தாராவி 90 அடி ரோடு:
பெரியப்பாவுக்கு 64 வயது, பீடி விடாதவர். ஒருநாள் சிவப்பாகப் போகிறது என்றார். முந்தின ராத்திரி பீட்ரூட் பொரியல். "பெரியப்பா, அது பீட்ரூட்" என்று சிரித்தது நான்தான். அடுத்த தடவை அவரே பீட்ரூட் என்று சொல்லிக்கொண்டார். மூன்றாவது தடவை பெரியம்மா சொன்னாள், "வீட்டில் பீட்ரூட் வாங்கி மூணு வாரமாச்சே."

ரிப்போர்ட்டில் ஆர்பிசி, அதாவது ரத்தச் சிவப்பணு, எண்ணிக்கையே போடவில்லை, நிறைய என்று எழுதியிருந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. அதனால் ஒன்றுமிருக்காது என்று நினைத்தோம். வலியில்லாமல் ரத்தம் வந்தால்தான் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார் உள்ளே கேமரா குழாய் விட்டு ஸ்கோப் பார்த்த டாக்டர். சிறுநீர்ப்பையில் கட்டி. பீடியைத்தான் முதலில் விசாரித்தார். எடுத்தாகிவிட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப் பார்க்கிறார்கள்.

இப்போது தினமும் காலையில் பெரியப்பா போன் செய்து, நான் கேட்காமலே, "மஞ்சள்தான்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.