சனி மதியச் சோலெண்ட்: அடி பிடிக்காமலும் விதி மீறாமலும்

சோலெண்ட் என்பது யூதர்கள் சனி மதியம் உண்ணும் இறைச்சி, பயறுக் குழம்பு. வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான சப்பாத்தில் சமைக்கக் கூடாது என்பதால் முன்பே அடுப்பேற்றிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போதே சப்பாத் விளக்கு ஏற்றிவிடுவார்கள். எருசலேமில் 40 நிமிடம். அதன்பின் அடுப்பைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பானை விடிய விடியத் தானாக வேகணும். எட்டுப் பேருக்கு எலும்போடு மாட்டிறைச்சி 1 கிலோ, ராஜ்மா 1 கப், பார்லி முக்கால் கப், உருளைக்கிழங்கு 5, வெங்காயம் 2. தண்ணீர் இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும். பார்லி கூடினால் அதுவே எல்லாத் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், விடியுமுன் அடி பிடிக்கும்.

—

ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் நேராகப் போடாதீங்க. இரவு ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கணும். குறைந்த சூட்டில் அதன் நச்சு போகாது, வாந்திதான். முன்வேகல் விதிக்கும் தோது: விளக்கேற்றும் முன் மூன்றில் ஒரு பங்காவது வெந்திருக்கணும், பாதி என்பாரும் உண்டு. இந்த அரைவேக்காட்டுக்கு யூதச் சட்டநூலான தல்மூதில் 'பென் துரோசாய் சாப்பாடு' என்று பெயர். பென் துரோசாய் ஒரு கொள்ளைக்காரன், முழுக்க வேகும்வரை பொறுக்கமாட்டானாம்!

—

பரிமாறும்போதுதான் பலர் தவறுகிறார்கள். அடுப்பில் இருக்கும் பானைக்குள் கரண்டி விடக் கூடாது. அது கிளறுவதற்குச் சமம், கிளறுவது சமைப்பது. இறக்கி வைத்துத்தான் அள்ளணும். திரும்ப அடுப்பேற்ற வேண்டுமென்றால் குழம்பு முழுக்க வெந்திருக்கணும், தீயைத் தகடு மூடியிருக்கணும், எடுக்கும்போதே திருப்பி வைக்கும் எண்ணம் இருக்கணும், பானையைக் கையை விட்டு விடவும் கூடாது. இந்தத் தகட்டுக்கு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் 'பிளெக்' என்று பெயர்.

—

ஸ்பெயின் வழிவந்த செபராதி யூதர் வீடுகளில் இதையே ஹமீன் என்பார்கள். முட்டையை ஓட்டோடு போடுவார்கள். காலையில் வெள்ளைக்கரு தேன் நிறத்துக்கு வந்திருக்கும். குளிர்ந்த முட்டையைக் கொதிக்கும் குழம்பில் போட்டால் ஓடு வெடிக்கும், முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்க.

மீன் முள்ளும் கவனிக்கணும். வேண்டாததைப் பொறுக்கி எடுப்பது சப்பாத்தில் தடை. அதனால்தான் வெள்ளியன்றே முள் நீக்கி அரைத்த கெஃபில்டே மீன், நடு, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர் மேசைக்கு வருகிறது. அது முதலில், தனித் தட்டில், இறைச்சியோடு கலக்காது.

—

பால் காபி? இறைச்சிக்குப் பின் உடனே பால் கூடாது. சோலெண்ட் சாப்பிட்டு 6 மணி நேரம் கழித்து. ஜெர்மானிய யூத வழக்கத்தில் 3, டச்சு வழக்கத்தில் 1.