உறைபனியில் கருகிய மரத்தக்காளி: மூவரின் தோட்டத்து அனுபவங்கள்

செடியை எதைக் கொண்டு மூடுவது என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். நான் கோவையில் வளர்ந்தவள், கல்யாணமாகி ஊட்டி தலைகுந்தா பக்கம் வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் பனி என்றால் குளிரும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். டிசம்பர் கடைசியில் ஒரு நாள் பகல் முழுக்க நல்ல வெயில், ஒரு பொட்டு மேகம் இல்லை, சாயங்காலம் இலைகூட அசையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "இன்னிக்கு ராத்திரி கொட்டும், செடியை மூடிடு கண்ணு" என்றார். நானும் வீட்டில் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து மரத்தக்காளி (தக்காளி போலப் பழம் தரும் சிறு மரம்) மேலே அப்படியே போர்த்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் புல் முழுக்க உப்பு கொட்டியது போல வெள்ளை. ஷீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அது ஒட்டியிருந்த இலையெல்லாம் கண்ணாடி மாதிரி விறைத்துக் கிடந்தது, எட்டு மணி வெயில் பட்டதும் வெந்த கீரை மாதிரி தொங்கி, மதியத்துக்குள் கறுத்தே போய்விட்டது. ஆனால் அதே ஷீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் தொடாமல் இருந்த ஜெரேனியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை! அதைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் அக்கா விளக்கினார். செடிக்குச் சூடு நாம் போர்த்தும் துணியிலிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. பகலில் வாங்கிய சூட்டை மண் ராத்திரி விட்டுக்கொண்டே இருக்கும், மேகம் இருந்தால் அது அவ்வளவு சீக்கிரம் மேலே போகாது, வானம் தெளிந்து காற்றும் நின்றுவிட்டால் எல்லாம் போய்விடும். அதனால் இப்போது மதியமே வேர்ப்பகுதிக்குத் தண்ணீர் விடுகிறேன், ஈர மண் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். நாலு மூங்கில் குச்சி நட்டு, அதன் மேல் பழைய சாக்கோ பெட்ஷீட்டோ போட்டு, ஓரத்தைத் தரை வரைக்கும் இறக்கிக் கல் வைக்கிறேன். வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். செய்தியில் 3 டிகிரி என்று சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள், அது ஆள் உயரத்தில் அளந்த கணக்கு. புல் மட்டத்தில் அதற்குள் 0-க்குக் கீழே போயிருக்கலாம்.

*

அடுத்து நான் எழுதுகிறேன், நீலகிரியில் குந்தா பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. மேட்டில் இருக்கும் செடிக்கு ஒன்றும் ஆகாது, பள்ளத்தில் ஓடையை ஒட்டிய இருபது வரிசைதான் ஒவ்வொரு வருடமும் கருகும், குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி வழிந்து வந்து அங்கேதான் தேங்கும். இளம் செடிக்கு, இங்கே தானாக வளரும் தாகை என்ற செடியை வெட்டி வந்து மேலே சொருகி வைக்கிறோம், எங்கள் அப்பா காலத்திலிருந்தே இதுதான். ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் பூச்செடிகளை மிலாறு என்ற செடியின் கிளைகளைக் கொண்டு மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காசு செலவில்லை, காற்றும் போய்வரும். கேரட், முட்டைக்கோஸ் ஓரளவு தாங்கும், அதற்கு மெனக்கெட வேண்டாம். உருளையும் பீன்ஸும் தாங்கவே தாங்காது, துணி பற்றாக்குறை என்றால் முதலில் அவற்றைப் பாருங்கள்.

*

நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம். இங்கே ஒக்டோபரிலேயே உறைபனி வந்துவிடும், மூடிக் காப்பாற்றுகிற குளிர் இல்லை இது. அம்மா ஊரில் இருந்தபோது கிணற்றடியில் தானாக வளர்ந்த கறிவேப்பிலையை இங்கே சாடியில் வைத்துப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறார். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினாலே உள்ளே எடுத்துவிடுவோம். எடுக்க முன்னம் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள், ஒரு வருடம் கழுவாமல் எடுத்து, செதில் பூச்சி வீட்டுக்குள்ளே பெருகி மற்றச் சாடிகளுக்கும் பரவிவிட்டது. உள்ளே வந்ததும் இலை கொட்டும், செத்துவிட்டது என்று பயந்து தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள், எங்கள் முதல் கன்று வேர் அழுகித்தான் போனது.

*

மறுபடியும் தலைகுந்தாவிலிருந்து நான்தான். என் மரத்தக்காளி என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். கறுத்த கிளையை உடனே வெட்டப் போனேன், அக்கா விடவில்லை. காய்ந்ததே அடியில் இருப்பதற்குப் போர்வை, பனிக்காலம் முடியட்டும் என்றார். பிப்ரவரி கடைசியில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தோம், மேலே பழுப்பு, ஒரு முழம் கீழே வந்ததும் பச்சை தெரிந்தது. அந்த இடத்துக்கு மேலே வெட்டிவிட்டோம். மார்ச்சில் தண்டின் அடியிலிருந்து மூன்று துளிர் வந்தது, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு.