15 வாரக் கர்ப்பம்: டாப்ளர்ல 92 காட்டுது, திடீர்னு 184. குழந்தைக்கு என்ன ஆச்சு?

மழைத்துளி
வணக்கம். பதட்டத்துல எழுதுறேன், முன்னபின்ன இருந்தா மன்னிச்சுக்கோங்க.

இப்ப 15 வாரம் 2 நாள். இதுக்கு முன்னாடி ஒரு தடவை 9 வாரத்துலயே துடிப்பு நின்னுபோய், 11-வது வார ஸ்கேன்லதான் தெரிஞ்சது. நடுவுல ரெண்டு வாரம் எதுவும் தெரியாம சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனேங்கறது இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. அதனாலதான் இந்தத் தடவை, வயித்துல வெச்சுக் குழந்தையோட இதயத்துடிப்பைக் கேக்கற டாப்ளர் மெஷினை வீட்டுக்கே வாங்கினோம்.

13-வது வாரம் முதல் நாள் வெச்சதுமே நிமிஷத்துக்கு 148 துடிப்புன்னு காட்டிச்சு. வீட்டுக்காரர் போன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கார். அதுக்கப்புறம் தினம் ராத்திரி அந்த நம்பரைப் பாத்துட்டுத்தான் தூங்குவேன். முந்தாநேத்துல இருந்து அது வரல. தொப்புளைச் சுத்தி எங்க வெச்சாலும் தொம், தொம்னு ஒரு சத்தம், திரையில 92, 94. சில நேரம் திடீர்னு 184க்குத் தாவுது, மறுபடி 92. நேத்து முக்கால் மணி நேரம் அழுத்தி அழுத்தித் தேடினதுல வயிறே சிவந்துபோச்சு. ஜெல் தீர்ந்துட்டதால எண்ணெய் தடவித்தான் வெச்சேன்.

ரத்தப்போக்கு இல்ல, வலி இல்ல. அசைவு இன்னும் தெரியல. அடுத்த செக்கப்புக்கு 9 நாள் இருக்கு. குழந்தையோட துடிப்பு 92க்கு இறங்கிடுச்சா, இல்ல மெஷின் கோளாறா?

ரெண்டாவது_ரவுண்டு
அழாதீங்கம்மா. எனக்கும் மூத்தவன் வயித்துல இருந்தப்ப 14, 15 வாரத்துல இந்தக் கூத்துதான். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்ததால சத்தமே சரியாக் கிடைக்காது, 17 வாரத்துக்கு அப்புறம்தான் கிடைச்சது. உங்க ஸ்கேன் ரிப்போர்ட்ல ஆன்டீரியர், அதாவது முன்பக்கம்னு எழுதியிருக்கான்னு பாருங்க.

சால்டரிங்_சாமி
மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். டாக்டர் இல்லை. குழந்தையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, மெஷினைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் எண்களைப் பாருங்கள். 184 என்பது 92-இன் சரியான இரட்டிப்பு. இது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்தக் கருவி இதயத்தைத் "தேடிக் கண்டுபிடிப்பது" கிடையாது. காதுக்குக் கேட்காத 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ் ஒலியலையை உள்ளே அனுப்புகிறது. அசைகிற எதன் மேலாவது பட்டுத் திரும்பும்போது அலைவெண் சற்று மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் ஒலியாக்கித் தருகிறது. அசைவது குழந்தையின் இதயமா, உங்கள் ரத்தக்குழாயா என்று அதற்குத் தெரியாது. ரத்தக்குழாயின் ஒரு துடிப்புக்குள்ளேயே ஒரு பெரிய அடியும் ஒரு சின்ன அடியும் இருக்கும். மலிவான கருவி இரண்டையும் தனித்தனித் துடிப்பாக எண்ணிவிடும். 184 அப்படி வந்திருக்கலாம்.

நீங்கள் தேடும் இடமும் தப்பு. 15 வாரத்தில் கருப்பை தொப்புள் வரை ஏறியிருக்காது. இடுப்பெலும்பின் முன்மேட்டுக்கும் தொப்புளுக்கும் பாதி வழியில், அல்லது அதற்கும் கீழேதான் இருக்கும். தொப்புளுக்கு நேர் பின்னால் ஓடுவது உங்கள் பெருந்தமனி. அங்கே வைத்தால் அது கேட்காமல் என்ன செய்யும்!

இப்போதே ஒன்று செய்யுங்கள். "தொம்" கேட்கும்போது மணிக்கட்டில் உங்கள் நாடியைப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக அடித்தால் அது நீங்கள்தான். கர்ப்பத்தில் நாடி கூடும், பயத்தில் இன்னும் கூடும்; 92 ஒரு ஆச்சரியமும் இல்லை.

எண்ணெய் வேண்டாம். இடையில் காற்று இல்லாமல் அலையைக் கடத்தத்தான் அந்த ஜெல். எண்ணெய் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது, முனையிலிருக்கும் பிளாஸ்டிக்கும் கெடும். பேட்டரி இறங்கினாலும், பக்கத்தில் செல்போன் இருந்தாலும் கரகரப்புதான் வரும்.

மழைத்துளி
பிடிச்சுப் பாத்தேன் சார். ரெண்டும் ஒண்ணாத்தான் அடிக்குது. ஒரு நிமிஷம் உயிர் வந்துச்சு.

அப்புறம் ஒண்ணு தோணுச்சு. சும்மா உக்காந்திருக்கும்போது என் நாடி 74, 75 இருக்கும். அதோட இரட்டிப்பு 148 ஆச்சே. அப்ப முதல் நாள் கேட்டது?

சால்டரிங்_சாமி
அந்தக் கேள்வியை நானே கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தேன். ரெக்கார்டிங் இருக்கிறதல்லவா, திரை எண்ணை மறந்துவிட்டுக் காதால் எண்ணுங்கள். 10 விநாடி. அழுத்தமான அடிகளை மட்டும். 24, 25 வந்தால் 148-க்குப் பொருந்தும்.

மழைத்துளி
மூணு தடவை எண்ணிட்டோம். நான் எண்ணினாலும் 12, அவர் எண்ணினாலும் 12. ஒவ்வொரு அடிக்கும் பின்னாடி ஒரு சின்ன எதிரடி கேக்குது, அதையும் சேத்தாத்தான் 24 வருது.

ரெண்டு வாரமா நான் கேட்டுக்கிட்டு இருந்தது என்னையேதானா?

இரவுப்பணி
லேபர் வார்டுல நர்ஸா இருக்கேன், இப்பதான் இழையைப் பாத்தேன். மழைத்துளி, முதல்ல ஒண்ணு. இதுல குழந்தைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு சொல்ற ஒரு தகவலும் இல்ல. அதே மாதிரி, நல்லா இருக்குன்னு சொல்ற தகவலும் இந்த ரெண்டு வாரமா உங்ககிட்ட இருந்ததில்ல. ரெண்டையும் சேத்தே சொல்லிடறேன், ஏன்னா பாதி சொல்லி ஆறுதல் பண்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

9 நாள் காத்திருக்காதீங்க. காலையில ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, "போன தடவை 9 வாரத்துல துடிப்பு நின்னுச்சு, இப்ப 15 வாரம், துடிப்பைக் கேக்கணும்"னு அப்படியே சொல்லுங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க. ராத்திரியே ஓடத் தேவையில்ல. ஆனா ரத்தம் பட்டாலோ, வயித்தை இறுக்கிப் பிடிக்கற வலி வந்தாலோ, தண்ணி மாதிரி கசிஞ்சாலோ எந்த நேரமானாலும் கிளம்பிடுங்க.

அசைவு தெரியாதது 15 வாரத்துல ரொம்ப சாதாரணம். முதல் குழந்தைக்குப் பலருக்கு 18, 20 வாரத்துக்கு மேலதான் தெரியும், நஞ்சுக்கொடி முன்பக்கம்னா இன்னும் தள்ளிப்போகும். 24 வாரம் ஆகியும் ஒண்ணுமே தெரியலைன்னா அப்ப சொல்லணும்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கற முதல் பாடமே, ஒரு கையில புரோப் (வயித்துல வெக்கற முனை), இன்னொரு கை தாயோட மணிக்கட்டுல. குழந்தைக்கு 110ல இருந்து 160 வரைக்கும் சாதாரணம், இந்த வாரத்துல அதோட மேல்பக்கமா இருக்கும். நம்பர் சரியா இருந்தாலும் நாடியைப் பிடிக்காம நாங்க எழுத மாட்டோம்.

நிலாச்சோறு
எதுக்கு இப்படிப் பயமுறுத்தறீங்க எல்லாரும்? நான் ரெண்டு பிள்ளைக்கும் வெச்சிருந்தேன். ஒரு பிரச்சினையும் வரல. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்.

இரவுப்பணி
உங்களுக்கு வரல, சந்தோஷம். நான் கவலைப்படறது அந்தத் தூக்கத்தைப் பத்தித்தான். 2009ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு தாயைப் பத்தி எழுதியிருந்தாங்க. 38 வாரம், அசைவு குறைஞ்சிருக்கு, வீட்டு டாப்ளர்ல சத்தம் கேட்டிருக்கு, சரி இருக்குன்னு நினைச்சு ஆஸ்பத்திரிக்குத் தாமதமாப் போயிருக்காங்க. அதுக்குள்ள குழந்தை உயிரோட இல்ல. மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கற அமெரிக்காவோட எஃப்.டி.ஏ-வும் 2014ல இதை வீட்டுல பயன்படுத்த வேண்டாம்னுதான் சொன்னது.

இன்னொண்ணு, அது நிஜமாவே குழந்தையோட துடிப்பா இருந்தாலும், இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். நல்லா இருக்கான்னு அந்தச் சத்தம் சொல்லாது. கடைசி மாசங்கள்ல திணறுற குழந்தை முதல்ல அசைவைக் குறைக்கும், துடிப்பு நிக்கறது கடைசியில. அதனால 28 வாரத்துக்கு மேல அசைவு வழக்கத்தைவிடக் குறைஞ்சா டாப்ளரைத் தொடவே தொடாதீங்க, அன்னைக்கே வந்துடுங்க.

ரெண்டாவது_ரவுண்டு
இது எனக்கே இப்பதான் தெரியும். அந்த 17 வாரத்துல கேட்டது மூத்தவனோடதா என்னோடதான்னு இப்ப யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அவனுக்கு ஏழு வயசு, பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதறான்.

மழைத்துளி
காலையில போன் பண்ணினேன், உடனே வரச் சொல்லிட்டாங்க. போய்ட்டு வந்துட்டோம்.

அங்க இருந்த நர்ஸ் தொப்புள் பக்கமே போகல. ரொம்பக் கீழ, எலும்புக்கு ஒட்டினாப்பல வெச்சு, புரோப்பைக் கீழ்நோக்கிச் சாய்ச்சாங்க. இரவுப்பணி அக்கா சொன்ன மாதிரியே இன்னொரு கை என் மணிக்கட்டுல. முதல்ல காத்தடிக்கற மாதிரி உஸ், உஸ்னு வந்துச்சு. "இது நஞ்சுக்கொடி, முன்பக்கம் இருக்கு"ன்னாங்க. அவங்களுக்கே நாலஞ்சு நிமிஷம் ஆச்சு. நான் கூரையில இருந்த மின்விசிறி இறக்கையை எண்ணிக்கிட்டே இருந்தேன், மூணேதான், திரும்பத் திரும்ப எண்ணினேன். அப்புறம் இடது ஓரத்துல, விரல் அகலம்தான் நகர்த்தியிருப்பாங்க, கிடைச்சுடுச்சு.

154.

அது வேற சத்தம். நான் இத்தனை நாள் கேட்டதோட சேத்துச் சொல்லவே முடியாது. அவ்வளவு சின்னதா, அவ்வளவு அவசரமா இருந்துச்சு.

அடுத்த அஞ்சு வாரத்துக்கு வாரம் ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. மெஷினைப் பெட்டியில போட்டு மேல் அலமாரியில வெச்சாச்சு.

சால்டரிங்_சாமி
மிக்க மகிழ்ச்சி. வைக்கும் முன் முனையிலிருக்கும் எண்ணெயைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் ஒழுகும்.

ரெண்டாவது_ரவுண்டு
கண்ணு கலங்கிடுச்சு. அந்த ரெக்கார்டிங்கை அழிச்சுட்டீங்களா?

மழைத்துளி
நான் அழிக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் மாட்டேங்கறார். "உன் துடிப்புதானே, இருந்துட்டுப் போகட்டும்"ங்கறார்.