கிளைக்கதை வேண்டாம், ‘கவர்வழிக் கதை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வாசகர் தேர்வுக்கேற்பப் பிரிந்து செல்லும் கதைக்குக் ‘கிளைக்கதை’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. மகாபாரதத்துக்குள் வரும் நளன் கதையைக் கிளைக்கதை என்றுதானே சொல்கிறோம்? அங்கே வாசகர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை.

‘மீயுரைப் புனைவு’ (hypertext fiction: இணைப்புகளைச் சொடுக்கிச் சொடுக்கிப் படிக்கும் கதை) என்பதையும் பொதுப்பெயராக ஏற்க எனக்கு மனமில்லை. அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் ஜாய்ஸ் கணினிக்கென்றே மீயுரைக் கதை எழுதியது 1987இல்தான். தாளில் இது எப்போதோ வந்துவிட்டது. அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸாரின் ‘ரயுவேலா’ 1963இல் வந்த நாவல், 155 அத்தியாயங்கள். நேராக 56 வரை படித்து நிறுத்தலாம். அல்லது 73இல் தொடங்கி, ஆசிரியர் காட்டும் வரிசையில் தாவித் தாவிப் போகலாம். அடுத்து எங்கே போக வேண்டும் என்ற எண் ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் அடைப்புக்குறிக்குள் நிற்கும். சொடுக்க முடியாத மீயிணைப்பு, அவ்வளவுதான். கடைசியில் 58 நம்மை 131க்கு அனுப்பும். 131 திரும்ப 58க்கே அனுப்பும். அருமையான பொறி!

ஆனாலும் அங்கே வழி அடிக்கடி பிரிவதில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ரெமோன் கெனோ 1967இல் எழுதிய குறுங்கதையில்தான் அது நடக்கிறது. மூன்று பட்டாணிகளின் கதை வேண்டுமா? வேண்டுமென்றால் 4க்குப் போ, வேண்டாமென்றால் 2க்குப் போ. இன்று ட்வைன் (Twine) என்ற கதை எழுதும் மென்பொருளில் எழுதுபவர்கள் செய்வதும் இதையேதான்.

நாம் பெயர் தேடுவது இந்த வகைக்கு. ‘கவர்த்தல்’ என்றால் வழி பிரிதல். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் பாதை சூலம்போல மூன்றாகப் பிரிவதை ‘அருநெறி கவர்க்கும்’ என்கிறார் இளங்கோ. ஆகவே ‘கவர்வழிக் கதை’. பிரியும் இடம் ‘கவர்முனை’. ‘கவர்’ என்றதும் ஈர்ப்பதும் கடித உறையும் (cover) நினைவுக்கு வருமே என்று தயங்க வேண்டாம், ‘வழி’ சேர்ந்ததும் குழப்பம் போய்விடுகிறது.

கொர்த்தஸார் வகைக்குத் ‘தாவுகதை’ போதும். அப்புறம், ஆங்கில எழுத்தாளர் பி. எஸ். ஜான்சன் 1969இல் ஒரு பெட்டிக்குள் தனித்தனியாக வைத்துத் தந்த நாவலின் 27 பகுதிகள்: முதலும் கடைசியும் தவிர மற்றவற்றை எந்த வரிசையிலும் படிக்கலாம். அதைக் ‘கட்டவிழ் கதை’ எனலாம்.

ஒரு வேண்டுகோள். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் 1941 கதையைக் (The Garden of Forking Paths) கவர்வழிக் கதைக்கு எடுத்துக்காட்டாகக் கொடுக்க வேண்டாம். எல்லா வழிகளும் ஒருசேர நிகழும் ஒரு நாவலைப் பற்றி அது பேசுகிறது. அந்தக் கதையோ ஒரே வழியில்தான் போகிறது.

‘கவர்முனை’யைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.