ஹோஸ்டிங்குக்குத் தமிழ்: ஓம்பலா, இட வாடகையா? வெள்ளிக்குள் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே விருந்தினர் அறை விடுபவர்கள், தேயிலைத்தூள் பாக்கெட் போட்டு விற்பவர்கள் எனச் சிலருக்கு வலைத்தளம் தொடங்கக் கற்றுக்கொடுக்கிறேன். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஹோஸ்டிங்', அதாவது நம் தளத்தை ஒரு நிறுவனம் தன் கணினியில் வைத்து இணையத்தில் எந்நேரமும் கிடைக்கச் செய்யும் சேவை, அந்தச் சொல்லில் இரண்டு நாளாக நிற்கிறேன். போன வகுப்பில் 'இட வாடகை' என்றேன். உடனே ஓர் அக்கா, "மழையில இங்க கரண்ட் போனா நம்ம தளமும் போயிடுமா டீச்சர்?" என்றார். தளம் இருப்பது சென்னையிலோ மும்பையிலோ ஒரு தரவு மையத்தில், நம் மின்வெட்டு அதைத் தொடாது என்று விளக்கவே கால் மணி நேரம் ஆனது. வாடகை என்றதும் இடத்தை மட்டும்தான் நினைக்கிறார்கள். காப்புநகல் (பேக்கப்) தினமும் எடுப்பார்களா, நடுராத்திரி தளம் நின்றால் யார் பார்ப்பார்கள், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு ஏறும், எதையும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. போன ஆண்டு என் தளம் மொத்தமாக அழிந்தபோது, காப்புநகல் எங்கள் பொறுப்பில்லை என்று ஹோஸ்டிங் நிறுவனத்தார் கைவிரித்துவிட்டார்கள்.

குன்னூரிலிருந்து:

தேடவே வேண்டாம் அம்மா, 'ஓம்பல்' இருக்கிறது. "செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்", குறள் 86. கேட்டு வந்த உலாவிக்கு (பிரௌசர்) பக்கத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு அடுத்ததற்காகக் காத்திருப்பதுதானே வழங்கியின், அதாவது தளம் இருக்கும் சர்வர் கணினியின் வேலை? விருந்து என்றாலே முதலில் புதுமை; தொல்காப்பியச் செய்யுளியலில் புதிதாகப் புனையும் யாப்புக்கே அந்தப் பெயர். முன்பின் தெரியாதவர் எந்நேரம் வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது வரை இந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

கூடலூரிலிருந்து:

ஐயா, ஓம்புதலுக்குத் தவிர்த்தல் என்ற பொருளும் உண்டே. "அல்லது செய்தல் ஓம்புமின்", அதாவது நல்லதல்லாததைச் செய்வதைத் தவிருங்கள், புறநானூறு 195. தளத்தைத் தவிர்க்கும் நிறுவனம் என்று யாராவது படித்தால்? எங்கள் பக்கம் எஸ்டேட் ஆட்களுக்கு 'லைன் வீடு' என்றால் ஒரு நொடியில் புரியும். ஒரே கூரை, ஒரே குழாய், பக்கத்து வீட்டார் தண்ணீரை அதிகம் பிடித்தால் நமக்குக் குறையும். பல தளங்கள் ஒரே வழங்கியைப் பகிரும் மலிவான பகிர்வு ஹோஸ்டிங் அப்படியே இதுதான். தனி வழங்கி வேண்டுமென்றால் பங்களா.

உதகையிலிருந்து:

உவமை பொருந்துகிறது அண்ணா, ஆனால் கையேட்டில் வேண்டாம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அங்கேயும் லயம், இங்கேயும் லைன். அம்மா அந்தச் சொல்லை இன்றும் வாயில் எடுப்பதில்லை. படகர் ஊரான ஹட்டியிலும் வரிசையாகத்தான் வீடுகள் இருக்கின்றன, 'வரிசை வீடு' என்றே சொல்லலாமே. அப்புறம் ஒரு சந்தேகம், உதகையின் பழைய பெயரான ஒத்தக்கல்மந்து என்பதில் வரும் மந்தும் (தோடர் குடியிருப்பு) நம் மந்தையும் உறவா?

குன்னூரிலிருந்து:

உறவு என்றுதான் நினைக்கிறேன், மன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் கூடும் இடம். தனி மடலில் நீளமாக எழுதுகிறேன். புறம் 195 விஷயத்துக்கு வருகிறேன்: அங்கே முன்னால் 'செய்தல்' நிற்கிறது, அதனால் தவிர்த்தல். 'தளம் ஓம்பல்' என்றால் காத்தல்தான், யாரும் மாற்றிப் படிக்க மாட்டார்கள்.

கோத்தகிரியிலிருந்து:

சரி, நானும் ஓம்பல் பக்கம். கையேட்டில் 'தள ஓம்பல்' என்றும், பகிர்வு வகைக்கு 'வரிசை வீடு' என்றும் போடுகிறேன். காசு கொடுப்பது இடத்துக்கு மட்டுமல்ல, பார்த்துக்கொள்வதற்கும் என்பதை அந்தச் சொல்லே நினைவுபடுத்தும், எனக்கு அதுதான் முக்கியம். தளம் நிற்காமல் ஓடும் நேரத்துக்கு (அப்டைம்) 'இயங்குநேரம்' என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, அதன் கீழே கணக்கையும் எழுதிவிட்டேன்: 99.9 விழுக்காடு என்றால் 30 நாளில் 43 நிமிடம் வரை தளம் நிற்கலாம், 99 என்றால் 7 மணி நேரத்துக்கும் மேல். சீசன் மாதமான மே மாதத்தில் ஏழு மணி நேரம் நின்றால் எத்தனை முன்பதிவு போகும் என்று அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

கூடலூரிலிருந்து:

அச்சிடுங்கள் டீச்சர், தடுக்கவில்லை. ஆனால் நிறுவனங்களின் விலைப்பட்டியலில் ஹோஸ்டிங் என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லையும் ஒரு தடவையாவது பக்கத்தில் போடாவிட்டால், அந்த அக்கா திரையில் எதைத் தேடுவார்?